முப்பத்திரண்டு ஆண்டுக் கூலிக் கணக்கு

பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், அடிமைமுறைக்கும் இனப் பிரிவினைக்குமான இழப்பீடு என்ற பாடத்தை நான் பட்டிமன்றமாக நடத்தினேன். சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்தேன். ஓர் அணி ஒட்டிப் பேச வேண்டும், மற்றது வெட்டிப் பேச வேண்டும். சிகாகோவுக்கு வடக்கே உள்ள எங்கள் புறநகர்ப் பள்ளியின் அந்த வகுப்பில் 26 பேர் இருந்தார்கள். அவர்களில் மூவர் கறுப்பின மாணவர்கள். அந்த மூவரில் ஒரு பெண்ணுக்கு, இழப்பீடு தேவையில்லை என்று வாதாடும் அணியின் சீட்டு விழுந்தது. அவள் எழுந்து நின்று கையிலிருந்த தாளைப் பார்த்து இரண்டு வாக்கியங்களை வாசித்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். நடுநிலை தவறாமல் பாடம் நடத்துகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த நான், மதிப்பெண் ஏட்டில் அவளுக்குப் பாதி மதிப்பெண் போட்டேன்.

மணி அடித்ததும் அவள் என் மேசைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களைப் பற்றி அதற்கு முந்தைய மாதம் நான் பாடம் நடத்தியிருந்தேன். 1988 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, அவர்களில் அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அரசின் மன்னிப்புக் கடிதமும் தரப்பட்டன; ஏறத்தாழ 82,000 பேர் அவற்றைப் பெற்றார்கள். "அவர்களுக்குக் கொடுத்தது சரியா என்று அன்றைக்கு நீங்கள் பட்டிமன்றம் வைக்கவில்லையே, எங்களுக்கு மட்டும் ஏன்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஒன்றை நடந்து முடிந்த சட்டமாகவும் மற்றொன்றை இன்னும் தீராத வழக்காகவும் நான் அவர்கள் முன் வைத்திருந்தேன். இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர்களின் வழிவந்த ஒரு பெண்ணையே தன் குடும்பத்துக்கு எதிராக வாதாடச் சொல்லியிருந்தேன். பாடத்தை எங்கே தொடங்குவது என்று அன்றிலிருந்து மறுபடி யோசிக்க ஆரம்பித்தேன். இப்போது நான் அதைக் கருத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒரு கூலிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் டென்னசி மாநிலத்தில் ஒரு கர்னலின் பண்ணையில் அடிமையாக இருந்தவர். உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டில், வடக்குப் படையினரால் விடுதலை பெற்று, மனைவி மாண்டியோடும் பிள்ளைகளோடும் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் குடியேறினார். போர் முடிந்ததும் பழைய எசமானர், பண்ணைக்குத் திரும்பி வந்து வேலை பார்க்கும்படி அவருக்குக் கடிதம் எழுதினார். 1865 ஆகஸ்ட் 7 என்று தேதியிட்ட ஆண்டர்சனின் பதில், அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியது. அக்காலத்திலேயே செய்தித்தாள்களிலும் வெளிவந்தது. கடிதம் மரியாதை குறையாமல் நடக்கிறது. நீங்கள் நேர்மையாக நடத்துவீர்கள் என்பதற்கு எங்களுக்கு ஓர் அடையாளம் வேண்டும், அதனால் இதுவரை நாங்கள் உழைத்ததற்கான கூலியை முதலில் அனுப்புங்கள் என்று கேட்கிறார். அவர் உழைத்தது 32 ஆண்டு, மாதம் 25 டாலர் வீதம். மாண்டி உழைத்தது 20 ஆண்டு, வாரம் 2 டாலர் வீதம். மொத்தம் 11,680 டாலர். இத்துடன் இத்தனை காலம் கூலியை நிறுத்தி வைத்திருந்ததற்கான வட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாங்கிக் கொடுத்த துணிமணிக்கும், எனக்காக மூன்று முறை மருத்துவர் வந்ததற்கும், மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதற்கும் ஆன செலவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார். பணத்தை எந்த அஞ்சல் நிறுவனம் வழியாக, யார் பொறுப்பில் அனுப்ப வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது.

வகுப்பில் நான் மொத்தத் தொகையைச் சொல்வதில்லை. கடிதத்தில் அந்த எண்ணை மறைத்துவிட்டு, கணக்கை மாணவர்களையே போடச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடங்கள் வெறும் பெருக்கலில் கழிகின்றன: ஆண்டர்சனுக்கு 9,600, மாண்டிக்கு 2,080. பிறகு கேள்விகள் அவர்களிடமிருந்தே வருகின்றன. மாதம் 25 டாலர் என்பது எங்கிருந்து வந்தது? டேட்டனில் சுதந்திரத் தொழிலாளியாக அவர் அப்போது வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் அது. ஆகவே அது கற்பனைத் தொகை அன்று, சந்தை நிலவரம். மாண்டிக்கு ஏன் அவ்வளவு குறைவு? ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவியாவது இதைக் கேட்காமல் விட்டதில்லை. சிறுவயதில் செய்த வேலையையும் சேர்த்தாரா? துணிக்கும் மருத்துவருக்கும் ஆனதைக் கழிக்கச் சொல்பவர், தான் விளைவித்த பயிரில் எசமானர் கண்ட லாபத்தில் பங்கு ஏன் கேட்கவில்லை?

வட்டி என்ற சொல்லுக்கு வரும்போதுதான் பாடம் சூடு பிடிக்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, 1865 முதல் 2025 வரையிலான 160 ஆண்டுகளுக்குக் கணக்கிடச் சொன்னேன். தனிவட்டி போட்டவர்களுக்கு 1,23,808 டாலர் வந்தது. கூட்டுவட்டி போட்டவர்களுக்கு 13 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஒரே கடிதம், ஒரே வட்டி விகிதம். வட்டியை எப்படிக் கணக்கிடுவது என்ற ஒன்றில் மட்டும் வேறுபாடு. இரண்டு மேசைகளுக்கு நடுவே அன்று எழுந்த வாக்குவாதம், முதல் ஆண்டு நான் நடத்திய பட்டிமன்றத்தைவிட நூறு மடங்கு மேலானது. அவர்கள் ஒருவர் குடும்பத்தை மற்றவர் எதிர்த்துப் பேசவில்லை. நியாயமான கணக்கு எது என்பதைப் பற்றிப் பேசினார்கள். வங்கி நம்மிடம் எந்த வட்டி வாங்குகிறதோ அதையே போட வேண்டும் என்றான் ஒருவன். அந்தப் பணம் கைக்கு வந்திருந்தால் ஆண்டர்சன் அதை வைத்து நிலம் வாங்கியிருப்பார், ஆகவே நிலத்தின் விலை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதே சரி என்றாள் இன்னொருத்தி. பொருளாதார வல்லுநர்கள் இன்றும் மோதிக்கொள்ளும் இடத்துக்குப் பதினாறு வயதுப் பிள்ளைகள் முப்பது நிமிடத்தில் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் கணக்குக்குள் அடங்காத பகுதியும் உண்டு. தம் பெண்மக்களை எசமான வீட்டு இளைஞர்களின் கொடுமைக்கு ஆளாக்குவதைவிட இங்கேயே பட்டினி கிடந்து சாவது மேல் என்று ஆண்டர்சன் எழுதுகிறார். அதை வகுப்பில் நான் உரக்க வாசிப்பதில்லை. மாணவர்கள் அவரவர் படித்துக்கொள்ள விட்டுவிடுகிறேன். படித்து முடித்ததும், இதற்கு எந்த வரிசையில் என்ன எண்ணை எழுதுவது என்று யாராவது கேட்பார்கள். எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நான் சொல்வதில்லை. ஆண்டர்சன் 1907இல் டேட்டனிலேயே காலமானார். அந்தப் பணம் வரவே இல்லை.

பணம் யாருக்கு வந்தது என்பது இரண்டாம் நாள் பாடம். 1862 ஏப்ரல் 16 அன்று தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அதன்படி விடுதலை பெற்ற ஏறத்தாழ 3,000 பேருக்காக, ஆளுக்கு 300 டாலர் வரை அரசு இழப்பீடு வழங்கியது, வழங்கியது எசமானர்களுக்கு. ஒவ்வோர் ஆளின் விலையை மதிப்பிட பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வணிகரையே வரவழைத்தார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு அச்சட்டம் ஒதுக்கியது ஒன்றே ஒன்று: நாட்டை விட்டு ஹெய்ட்டிக்கோ லைபீரியாவுக்கோ போக முன்வந்தால் 100 டாலர் வரை உதவி. மனுப் படிவங்களின் படிகளை மேசைக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தேன். பெயர், வயது, உடல்நிலை, செய்யும் வேலை, கோரும் தொகை என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும் அவற்றைப் பிள்ளைகள் வாசிக்கும்போது வகுப்பு அடங்கிப் போகிறது. ஆண்டர்சனின் கடிதத்தை முந்தின நாள் வாசித்தவர்களுக்கு, கணக்கு எழுதுகிற கை இங்கே மாறியிருப்பது எளிதில் தெரிந்துவிடுகிறது.

பிரிட்டன் செய்ததும் அதுவே, இன்னும் பெரிய அளவில். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. அதற்காக வாங்கிய கடன் முழுவதுமாக அடைந்தது 2015இல்தான். இதைச் சொல்லும்போது எனக்கு லண்டனில் இருக்கும் நம்மவர்கள் நினைவுக்கு வருவார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும், 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அடைக்கலம் தேடிப் போனவர்களும், அங்கே கட்டிய வரியில் ஒரு துளி அந்தக் கடனுக்கும் போயிருக்கிறது. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் பற்றாக்குறையை நிரப்பத்தான் 1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். அதே முறை 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன முதல் கப்பலோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போயிற்று. பிரான்சின் அடிமைக் காலனியாக இருந்து விடுபட்ட ஹெய்ட்டியின் கதை இன்னும் கொடியது. அங்கே விடுதலை பெற்றவர்களே, இழந்த உடைமைக்கு ஈடாக பிரான்சுக்கு 15 கோடி பிராங்க் தர வேண்டுமென்று 1825இல் போர்க் கப்பல்களை நிறுத்தி மிரட்டப்பட்டார்கள். தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடன்களை அந்நாடு 1947 வரை சுமந்தது.

இழப்பீட்டுக்குத் தமிழில் ஈடு என்றும் சொல்கிறோம். அதே சொல்தான் அடகுப் பொருளையும் குறிக்கிறது. நகையை ஈடு வைத்துக் கடன் வாங்கினார் என்கிறோம். இந்தப் பாடத்துக்குத் தயாரிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் என் மனத்தில் சேர்ந்தே ஓடுகின்றன. ஏனென்றால் அடிமைகளே ஈடாக வைக்கப்பட்டவர்கள். அடிமைமுறைக் காலத் தொடர்புகளை வெளியிட வேண்டும் என்று சிகாகோ நகரம் தன்னோடு வணிகம் செய்யும் நிறுவனங்களுக்கு 2002இல் சட்டம் போட்டது. அதன் விளைவாக ஜேபி மார்கன் சேஸ் வங்கி, தன்னோடு பிற்காலத்தில் இணைந்த இரண்டு லூசியானா வங்கிகள் 1831க்கும் 1865க்கும் இடையில் ஏறத்தாழ 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாக ஏற்றதையும், கடன் கட்டப்படாதபோது சுமார் 1,250 பேரைத் தாமே உடைமையாக்கிக்கொண்டதையும் 2005இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. லூசியானாவின் கறுப்பின மாணவர்களுக்கென 50 லட்சம் டாலர் கல்வி உதவித்தொகையும் அறிவித்தது. என் மாணவர்களில் பலருக்கு அந்த வங்கியில் கணக்கு இருக்கிறது.

இழப்பீடு கேட்பது அண்மையில் கிளம்பிய அரசியல் கோரிக்கை என்றே பெரும்பாலான பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அதை மறுத்துப் பேசுவதைவிட ஆட்களைக் காட்டுவது பயன் தருகிறது. மாசசூசெட்சில் ஐம்பது ஆண்டுகள் அடிமையாக உழைத்த பெலிண்டா 1783இல் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்து, ஓடிப்போன எசமானரின் சொத்திலிருந்து ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் ஓய்வூதியம் பெற்றார். கொடுக்கத் தொடங்கியவர்கள் விரைவில் நிறுத்திவிட்டதால் மறுபடி மறுபடி மனுப் போட வேண்டியிருந்தது. டென்னசியில் சலவைத் தொழில் செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த கைம்பெண் காலி ஹவுஸ், போர் வீரர்களுக்குக் கொடுப்பதுபோல முன்னாள் அடிமைகளுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று பெரிய சங்கத்தையே கட்டினார். அரசு அவர்மீது அஞ்சல் மோசடி வழக்குப் போட்டு 1917இல் சிறைக்கு அனுப்பியது.

நான் அதிக நேரம் நிற்பது ஹென்ரியட்டா வுட் அம்மையாரிடம். சின்சினாட்டியில் முறைப்படி விடுதலை பெற்று வாழ்ந்துகொண்டிருந்த அவரை, 1853இல் வேலை கொடுத்தவளே வண்டியில் ஏற்றி ஆற்றைக் கடந்து கென்டக்கிக்குக் கொண்டுபோய் ஆள்கடத்துவோரிடம் ஒப்படைத்தாள். அங்கிருந்து மிசிசிப்பிக்கு விற்கப்பட்டு, போர்க்காலத்தில் விடுதலைச் சட்டம் எட்டாத டெக்சசுக்குக் கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டு, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒஹையோ வட்டாரத்துக்குத் திரும்பினார். 1870இல் தம்மைக் கடத்தி விற்ற ஸெபுலன் வார்டு மீது 20,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1878இல் வெள்ளையர்கள் மட்டுமே அடங்கிய நடுவர் குழு 2,500 டாலர் கொடுக்கச் சொன்னது. அடிமைப்படுத்தியதற்காக அமெரிக்க நீதிமன்றம் ஒன்று வழங்கியவற்றில் அறியப்பட்ட மிகப் பெரிய தொகை அதுதான். கேட்டதில் எட்டில் ஒரு பங்கு என்று பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகுதான் மகனைப் பற்றிச் சொல்வேன். அடிமைத்தனத்தில் பிறந்த ஆர்தர் சிம்ஸ் சிகாகோவுக்கு வந்து சட்டம் படித்து, 1889இல் பட்டம் பெற்று, வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1951இல் இங்கேயே காலமானார். ஒரு தாயின் கைக்கு வந்த எட்டில் ஒரு பங்குகூட அடுத்த தலைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊருக்கு இருபது மைல் தெற்கே சான்று இருக்கிறது.

அடிமை வாழ்வில் பிறந்த அந்த மனிதர் இறந்த அதே 1951இல்தான், வர்ஜீனியாவில் பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் தன் பள்ளியில் வேலைநிறுத்தம் நடத்தினாள். அடிமைமுறையும் இனப் பிரிவினையும் வெவ்வேறு காலத்துக் கதைகள் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஓர் ஆண்டு உடைத்துவிடுகிறது. பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியில் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல், தார்ச் சீட்டு வேய்ந்த கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. ஏப்ரல் 23 அன்று பார்பரா மாணவர்களைத் திரட்டி வெளிநடப்புச் செய்தாள். அதிலிருந்து பிறந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளில் ஒன்றாக இணைந்தது. தீர்ப்பை ஏற்க மனமில்லாத கவுண்டி, 1959இல் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது, அதற்கு அரசுப் பணமும் போயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகள் பள்ளியின்றி இருந்தார்கள். சிலர் வேறு மாநிலங்களில் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள், சிலர் தேவாலயங்களின் நிலவறைகளில் எழுத்துக் கற்றார்கள், பலர் வயல் வேலைக்குப் போய்விட்டார்கள். 1964இல் மற்றொரு தீர்ப்புக்குப் பிறகே பள்ளிகள் திறந்தன.

வர்ஜீனியா சட்டமன்றம் 2004இல், அவ்வாறு படிப்பை இழந்தவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டம் வரை போகலாம். செலவை அரசு ஏற்கும். 1959இல் பத்து வயதாக இருந்தவர் அப்போது ஐம்பத்தைந்து வயதானவர். இதை என் வகுப்பில் வைத்தபோது, பள்ளிக்குப் போகச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகள் முகத்தில் நான் கண்ட மாற்றத்தை எளிதில் மறக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்பை ஐம்பத்தைந்து வயதில் திருப்பிக் கொடுப்பது ஈடு ஆகுமா என்று ஒருவன் கேட்டான். ஆகாது, ஆனாலும் பூட்டிய கதவைப் பூட்டியவர்களே திறப்பது வேறு விஷயம் என்றாள் பக்கத்திலிருந்தவள். அவர்களுக்குக் கொடுத்தது போதாது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்க வேண்டும், படிக்காத பெற்றோரிடம் வளர்ந்ததும் இழப்புத்தானே என்றான் எப்போதும் வாய் திறக்காத ஒரு மாணவன். அவன் தன் வீட்டில் முதன்முதலாக உயர்நிலைப் பள்ளி வரை வந்தவன் என்பது எனக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் கதை வீட்டைப் பற்றியது. 1930களில் அரசு நிறுவனம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்து, கடனுக்கு ஆபத்தான இடம் என்று முத்திரை குத்தியது. வங்கிக் கடன் கிடைக்காத சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள், லான்டேல் போன்ற பகுதிகளில் தரகர்களிடம் தவணை ஒப்பந்தத்தில் கொள்ளை விலைக்கு வீடு வாங்கின. கடைசித் தவணை வரை கிரயப் பத்திரம் கைக்கு வராது, ஒரு தவணை தவறினாலும் வீடும் கட்டிய பணமும் போய்விடும். 2022இல் மத்திய வங்கி நடத்திய கணக்கெடுப்பின்படி, வெள்ளைக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களுடையது 44,900 டாலர். இந்த இரண்டு எண்களை முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடம் நடத்திய காலம் உண்டு. அப்போது மாணவர்கள் அவற்றை ஒரு செய்தியாக மட்டுமே பார்த்தார்கள். இப்போது வரைபடத்துக்கும் தவணை ஒப்பந்தத்துக்கும் பிறகு எழுதுகிறேன்.

எங்களுக்கு அண்டை நகரமான எவன்ஸ்டன், கஞ்சா விற்பனை வரியிலிருந்து பத்து ஆண்டுகளில் 1 கோடி டாலரை இழப்பீட்டுக்கு ஒதுக்குவதென்று 2019இல் முடிவெடுத்தது. 1919க்கும் 1969க்கும் இடையில் அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களுடைய வழிவந்தவர்களுக்கும், வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ 25,000 டாலர். 2021 மார்ச்சில் நகர மன்றம் முதல் தவணைக்கு எட்டுக்கு ஒன்று என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தது. எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவரும் கறுப்பினப் பெண் உறுப்பினரே. இது வீட்டு வசதித் திட்டம், இதை இழப்பீடு என்று அழைக்கக் கூடாது, பெறுபவர்களை நம்பிப் பணமாகவே கொடுக்க வேண்டும் என்பது அவர் நிலை. பணமாகப் பெறும் வழி பிறகு சேர்க்கப்பட்டது. இத்திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. கருத்து வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்ட நான் நாடுவது இந்த இடத்தைத்தான். யாருக்கு, எவ்வளவு, எந்த வடிவில், யார் தீர்மானிப்பது என்ற கேள்விகளில் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மோதட்டும். தீங்கு நடந்ததா என்பதை நான் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை.

இந்தப் பாடம் பிள்ளைகளைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கும் என்று ஒரு மாணவரின் தந்தை எனக்கு எழுதியிருந்தார். 2021 முதல் பல மாநிலங்களில் இத்தகைய பாடங்களைக் கட்டுப்படுத்தச் சட்டங்களே வந்திருக்கின்றன. அங்கே பணியாற்றும் ஆசிரியர்களின் நிலையோடு ஒப்பிட்டால் எனக்கு வந்த கடிதம் ஒரு பொருட்டே அன்று. நான் அவருக்கு ஆண்டர்சனின் கடிதத்தை அனுப்பி, வகுப்பில் கொடுத்த கணக்கையும் இணைத்திருந்தேன். பதில் வரவில்லை. என் வகுப்பில் குற்ற உணர்ச்சியால் வாடிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதை ஏன் யாரும் முன்பே சொல்லித்தரவில்லை என்று கோபப்பட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கற்பிப்பதே ஈட்டின் பகுதி ஆகலாம் என்பதையும் சிகாகோவிடமிருந்தே கற்றுக்கொண்டேன். ஜான் பர்ஜ் என்ற காவல் அதிகாரியும் அவருக்குக் கீழ் இருந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். பிழைத்தவர்களும் அவர்களுடைய தாய்மார்களும் பல்லாண்டுகள் போராடியதன் விளைவாக, 2015 மே மாதம் நகர மன்றம் இழப்பீட்டுத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. 55 லட்சம் டாலர் நிதி, மன்னிப்பு, மனநல ஆலோசனை, நகரக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு, நினைவுச் சின்னம் ஆகியவற்றோடு, நகரின் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இந்த வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பணத்தோடு நிற்காமல் பாடத்தையும் அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். நடந்ததைப் பொய் என்று இத்தனை காலம் சொல்லிவந்த நகரம், தன் பிள்ளைகளிடம் தானே அதை உண்மை என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. புறநகரில் இருக்கும் எங்கள் பள்ளியை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் வாசகத்தை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது பாடமா, ஈடா என்று கேட்பேன்.

கடந்த ஆண்டு, ஹைதராபாத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்த மாணவன் ஒருவன், எங்கள் குடும்பம் 1998இல்தான் இந்த நாட்டுக்கு வந்தது, இந்தக் கடன் எங்களை எப்படிச் சேரும் என்று கேட்டான். நேர்மையான கேள்வி, எனக்கும் ஒரு காலத்தில் இருந்த கேள்வி. இந்தியர்கள் பெருமளவில் இங்கே வர வழி திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம். நாட்டினம் பார்த்து ஆளை அளக்கும் பழைய முறையை அது ஒழித்ததற்கு, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலே அடிப்படை. அந்தப் போராட்டம் திறந்த கதவின் வழியாக வந்தவர்கள், வந்த பிறகு யார் விலக்கப்பட்ட தெருவில் வீடு வாங்கினோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டு, வெறும் வாய்ச்சொல்லாக அது நின்றுவிடக் கூடாது என்று நினைத்து, மறுவாரம் என் வீட்டின் மூலப்பத்திரத்தைக் கவுண்டி பதிவு அலுவலகத்திலிருந்து படி எடுத்து வந்தேன்.

1920களில் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில், காக்கேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், அல்லாத எவருக்கும் இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வீட்டு வேலைக்காரர்களாகத் தங்குவோர் மட்டும் விலக்கு என்று இருக்கிறது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. 1968ஆம் ஆண்டு வீட்டு உரிமைச் சட்டம் அவற்றை முற்றிலும் செல்லாதவை ஆக்கியது. தாளில் அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. அன்றைய சட்டப்படி நானும் அந்த வீட்டில் வேலைக்காரராக மட்டுமே இருந்திருக்க முடியும் என்பதை மாணவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். வீடு இதுவரை கைமாறிய விலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு விற்பனையிலும் கிடைத்த லாபத்தை ஆண்டர்சனின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நானும் ஒரு நாள் அந்தப் பட்டியலில் சேருவேன்.

இந்த விதியை நீக்கிப் பதிவு செய்யும்படி வீட்டு உரிமையாளரே விண்ணப்பிக்க இல்லினாய் மாநிலச் சட்டம் இப்போது வழி செய்கிறது. அதைச் செய்வீர்களா என்று கேட்டார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இந்த முறை நான் சீட்டுக் குலுக்கவில்லை. நீக்கியே ஆக வேண்டும், இந்த வாசகத்தோடு யாரும் ஒரு வீட்டை வாங்கக் கூடாது என்றார்கள் ஒரு சாரார். நீக்கினால் நடந்ததற்கான சான்றை நீங்களே அழித்ததாகும், ஈடு கேட்பவர்கள் எதைக் காட்டுவார்கள் என்றார்கள் மற்றவர்கள். பழைய பத்திரத்தின் படி பதிவேட்டில் இருந்துகொண்டேதான் இருக்கும் என்று நான் விளக்கிய பிறகும் அவர்கள் விடவில்லை. மணி அடித்த பிறகும் நடைபாதையில் பேசிக்கொண்டே போனார்கள். விண்ணப்பப் படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வரும் செப்டம்பரில் புதிய வகுப்பிடமும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.